பிடிக்காத வேலையில் எத்தனை நாள் இருக்கலாம்? போடி ஏலக்காய் சொல்லும் கணக்கு!

‘இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்...’ பிடிக்காத வேலையில் இருக்கும் பலரும் வீட்டில் சொல்லும் பதில் இது. அந்த ஒரு வருஷம் மூன்றாகி, ஐந்தாகி, சிலருக்குப் பத்தாகவும் ஆகிவிடுகிறது. மறுபக்கம், மேலாளர் ஒரு வார்த்தை அதிகம் பேசிவிட்டார் என்று அன்றைக்கே கணக்கு முடித்துக் கிளம்புகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே சரியான நேரம் எது?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு இது பழகிய கேள்வி. விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். ஊருக்குள் குடோன்களில் காய்களைத் தரம் பிரிப்பதில் பெண்களே அதிகம். படித்த பிள்ளைகளுக்கோ கண் எல்லாம் திருப்பூர், கோவை, சென்னை பக்கம். இருப்பதா, கிளம்புவதா என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு.

செடிக்கு மூன்று வருஷம்

ஏலச்செடி நட்ட உடனே காய்ப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் காய் பார்க்க முடியும். முதல் வருஷம் காய்க்கவில்லை என்று யாரும் பிடுங்கிப் போடுவதில்லை. அதேபோல, பல ஆண்டுகள் பலன் தந்து ஓய்ந்த செடியைப் பாசத்துக்காக வைத்திருப்பதும் இல்லை. மறுநடவு செய்துவிடுகிறார்கள்.

வேலையிலும் முதல் சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால், ஒரு வருஷம் முடிந்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள். போன வருஷம் தெரியாத எந்த வேலை இப்போது கைவந்திருக்கிறது? சம்பளமோ பொறுப்போ கூடியதா? இங்கேயே பத்து வருஷமாக இருப்பவரின் இடத்துக்கு நீங்கள் வர விரும்புவீர்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அடுத்த இடம் தேடத் தொடங்கலாம்.

ஒரு சீசனை நம்பாதீர்கள்

2018 வெள்ளத்தில் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள் பெரிதும் சேதமாயின. வரத்து குறைந்ததும் விலை ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த மூன்றே வருஷத்தில் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உச்ச விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் சிரமப்பட்டார்கள்.

ஒரு போனஸ் வந்தது என்று ஒட்டிக்கொள்வதும், ஒரு மோசமான மாதத்தால் ராஜினாமா எழுதுவதும் இதே தவறுதான். தொடர்ந்து ஆறு மாதம் மனநிலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

தேதி பார்த்துக் கிளம்புங்கள்

ராஜினாமாவுக்கு முன்பு பார்க்க வேண்டிய தேதிகள் இவை.

* பணிக்கொடை: பொதுவாக 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்றால், 5 ஆண்டுக்குச் சுமார் 51,900 ரூபாய் கிடைக்கும். சில மாதப் பொறுமைக்கு இவ்வளவு மதிப்பு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்படுகிறவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பின்படி ஓராண்டு போதும்.

* பி.எஃப்.: மாதாந்திர ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை தேவை. வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், பழைய ஆண்டுகளும் சேர்ந்து எண்ணப்படும்.

* மகப்பேறு: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வார ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இதைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

முன்பணம் விலங்கு அல்ல

‘முன்பணம் வாங்கியிருக்கோம், எப்படி விட முடியும்?’ என்று தயங்குகிறவர்கள் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது வேறு. அதைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைப்பது வேறு. இரண்டாவது, 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

காத்திருக்கவே கூடாத நேரம்

சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை, கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிக்கச் சொல்வது, பாலியல் சீண்டல்... இவற்றுக்கு ஒரு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. பாலியல் தொல்லை பற்றிப் பொதுவாக 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமாக இருந்தால், மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம், கையில் ஒரு புதுத் தொழில், பேசி வைத்த அடுத்த இடம். இந்த மூன்றில் இரண்டாவது தயாரானபின் கிளம்புவது பாதுகாப்பு. வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அந்த நாளில் மறுபடியும் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று தோன்றினால், எதற்காக என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். எழுதக் காரணம் கிடைத்தால் தாராளமாக இருங்கள். கிடைக்காவிட்டால், கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.