உறைந்த திரை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் வாழும் முதிய உழவர் ஒருவர் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில் வழங்கிய சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வடம், வால்கயிறு, சால் என்று நாம் நூல்களில் காணும் சொற்கள் மட்டுமல்ல; மாட்டைப் பின்னோக்கி நடத்துவதற்கு ஒரு சொல், கயிறு தேய்ந்த இடத்துக்கு ஒரு சொல் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் மேசைக் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்தேன். 60 சொற்களுக்கு மேல் சேர்ந்திருக்கும். அந்த வேளையில் திரை அப்படியே நின்றுவிட்டது. சுட்டி அசையவில்லை, எழுத்து விழவில்லை. முப்பதாண்டுக் காலம் மாணாக்கர்க்குப் பொறுமையைப் போதித்த நான், ஒரு நிமிடங்கூடப் பொறுக்காமல் மின்விசையை அணைத்துவிட்டேன். சேமித்து வைக்காத சொற்கள் அத்தனையும் அதனோடு போயின.

அன்று நான் செய்தது தவறு என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன். இதே தவற்றை நேயர்களில் பலரும் செய்திருக்கக்கூடும். ஆகவே, திரை ஏன் உறைகிறது, உறைந்தால் என்ன செய்யத் தகும் என்பவற்றை நான் கற்ற அளவில் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவை உள்ள கணிப்பொறிகளைக் குறித்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திரை வேறு, கணிப்பொறி வேறு. திரையில் தோன்றும் படத்தை வரைந்து தருவதற்கென்றே கணிப்பொறிக்குள் தனியே ஒரு வரைகலைச் சில்லு இருக்கிறது. அந்தச் சில்லு பேசும் மொழி விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸ் இடும் கட்டளை சில்லுக்குப் புரியாது. இருவர்க்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் ஒரு மென்பொருள் உண்டு. அதனையே டிரைவர் என்றும், இயக்கி என்றும் வழங்குகிறோம். எனக்கு அந்தப் பெயரைக் காட்டிலும் துபாஷி என்னும் பழைய சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததை வரலாற்றில் படித்திருக்கிறோம். துரை ஒன்று சொல்ல, துபாஷி வேறொன்று சொன்னால், அல்லது வாயடைத்து நின்றால், வாசலில் நிற்கும் வணிகர் என்ன செய்வார்? துரை நலமாக இருப்பார். வணிகரும் நலமாக இருப்பார். காரியம் மட்டும் நின்றுபோகும். திரை உறைவதும் பெரும்பாலும் இவ்வகையினதே.

2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் காலத்தில் இவ்வாறு நேர்ந்தால், கணிப்பொறியை அணைத்து மறுபடியும் தொடங்குவதைத் தவிர வேறு வழி அரிது. 2007ஆம் ஆண்டில் மக்களிடம் வந்த விஸ்டாவில் ஒரு காவல் முறையை ஏற்படுத்தினார்கள். வரைகலைச் சில்லு தனக்கிட்ட வேலையை 2 விநாடிக்குள் முடிக்கவும் இல்லை, இடையில் விட்டுக் கொடுக்கவும் இல்லையென்றால், விண்டோஸ் அந்த இயக்கியைத் தானாகவே நிறுத்தி மீண்டும் தொடங்கிவிடும். திரை ஒரு கணம் இருண்டு மறுபடியும் ஒளிரும். ஒரே நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் இது நிகழுமானால், இனிப் பயனில்லை என்று கணிப்பொறி நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். இந்த முறை இன்றளவும் இருக்கிறது. ஆயினும் எல்லா உறைவும் இந்தக் காவலின் கண்ணில் படுவதில்லை. அப்போதுதான் நம்முடைய கை தேவைப்படுகிறது.

இயக்கிகள் எவ்வளவு தொல்லை தரக்கூடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆவணங்களில், விஸ்டாவில் பதிவான முடக்கங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29, என்விடியாவின் இயக்கிகளைச் சார்ந்தவை என்று கண்டிருந்தது. புதிய அமைப்புக்காக இயக்கிகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். அடுத்த புதன்கிழமை திரை மறுபடியும் உறைந்தது. இம்முறை கையைக் கட்டிக்கொண்டு சற்றே சிந்தித்தேன். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் என்னும் விசையை அழுத்தினேன். அதன் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த, அணைந்தது. கணிப்பொறிக்கு உயிர் இருக்கிறது, நான் சொல்வதைக் கேட்கிறது, திரைக்குத்தான் சொல்ல இயலவில்லை என்று இதனால் அறியலாம். அந்த விளக்கும் அசையாதிருந்தால் நோய் இன்னும் ஆழமானது என்று கொள்ள வேண்டும். பிறகு விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஆங்கில 'பி' எழுத்தைத் தட்டினேன். சிறிய ஒலி ஒன்று எழுந்தது. திரை கருத்து, உடனே தெளிந்தது. எழுதியது எழுதியபடியே இருந்தது! துபாஷியை மட்டும் மாற்றி உட்கார வைக்கும் கட்டளை அது. ஞாயிற்றுக்கிழமையே இதனை அறிந்திருந்தால் அந்தச் சொற்களும் பிழைத்திருக்கக்கூடும்.

ஆனால் மயக்கம் தெளிவித்தது நோய் தீர்த்தது ஆகாது. பழுது பார்க்கும் கடைக்குச் சொல்லியனுப்பினேன். வந்த இளைஞர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன், விடை வரவில்லை. வழிமுறை எழுதாத கணக்குக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை. ஆகவே அவரை அனுப்பிவிட்டு நானே தேடினேன்.

விண்டோஸுக்குள் ஈவென்ட் வியூவர் என்றொரு குறிப்பேடு உண்டு. அதில் சிஸ்டம் என்னும் பகுதியில், நடந்தவையெல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அங்கே 4101 என்ற எண்ணுடன், திரை இயக்கி பதில் தராமல் நின்று மீண்டது என்னும் குறிப்பு, சிறு சிறு தடுமாற்றங்களின்போது நாலைந்து முறை காணப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேறொரு குறிப்பு, அதன் எண் 41. முறைப்படி அணைக்கப்படாமல் கணிப்பொறி நின்றது என்பது அதன் பொருள். என் அவசரமும் பதிவேட்டில் ஏறிவிட்டது.

பின்னர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உள்ள சில்லின் விவரங்களைப் பார்த்தேன். அதில் தெரியும் தேதி இயக்கி தயாரான தேதியே; நம் கணிப்பொறிக்குள் அது வந்த தேதியன்று. இதில் பலர் ஏமாறுவதுண்டு. வந்த நாளை ஈவென்ட்ஸ் என்னும் பக்கத்தில் காணலாம். வியாழக்கிழமை இரவு விண்டோஸ் தானாகவே புதிய இயக்கியைப் பொருத்தியிருந்தது. அடுத்த ஞாயிறு முதன்முதலாகத் திரை உறைந்தது. ஐயம் ஏறக்குறையத் தீர்ந்தது. அவ்விடத்திலேயே ரோல் பேக் டிரைவர் என்னும் பொத்தானை அழுத்தினேன். பழைய துபாஷி திரும்பி வந்தார். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய பதிப்பு உள்ளே இல்லையென்று பொருள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். அன்று வேறு எதையும் நான் தொடவில்லை. இயக்கியை மாற்றி, விசிறியைத் துடைத்து, கம்பியையும் மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமற் போகும்.

எல்லா உறைவுக்கும் இயக்கியே காரணம் என்று சொல்ல மாட்டேன். அரைமணி நேரம் காணொளி ஓடிய பிறகே உறைகிறதென்றால், விசிறியில் தூசு படிந்து சூடேறியிருக்கலாம். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்துச் சேஃப் மோடுக்குள் போனால், மைக்ரோசாஃப்டின் எளிய இயக்கி மட்டுமே வேலை செய்யும். அங்கேயும் உறையுமானால் நினைவகத்தையோ மின்வழங்கியையோ சோதிக்க வேண்டும். அங்கே உறையவில்லை என்பது மட்டும் முடிவான சான்று ஆகாது; இலேசான வேலைக்குப் பழுதான சில்லும் ஈடுகொடுக்கும்.

பழைய இயக்கியைப் போட்ட பின் விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரம் நிறுத்தி வைத்தேன்; இல்லாவிடில் அதே இயக்கி திரும்பவும் வந்து அமர்ந்துவிடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அவ்வழியேதான் வருகின்றன; ஆதலால் நெடுநாள் நிறுத்துவது தகாது. புரட்டாசியில் அடுத்த பதிப்பு வந்தது. அதைப் பொருத்தினேன், இதுவரை உறையவில்லை.

பெரியவர் மறுவாரமே வந்து அமர்ந்தார். எத்தனை நேரம் நினைத்துப் பார்த்தும் பாதிக்கு மேல் வரவில்லை. "அன்னிக்கு வந்த வார்த்தை இன்னிக்கு வரலீங்க வாத்தியாரய்யா" என்று வருந்தினார். வருந்த வேண்டியவன் நான். இப்போது 41 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஏதேனும் ஒன்று நினைவுக்கு வந்தால், வயலுக்குப் போகிற வழியில் வேலிக்கு அப்பால் நின்று கூவிவிட்டுப் போவார். நான் உள்ளே ஓடி அதைத் தட்டச்சுச் செய்து, சேமித்த பிறகே வெளியே வந்து அவருக்குப் பதில் சொல்கிறேன்.