முதலில் கிளம்புகிறவருக்கு ஏன் நஷ்டம்?

தென்னிந்தியச் சரளைப் பாதைகளில் நடக்கவிருக்கும் ராலிக்குப் பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரு கேள்வி விடாமல் வருகிறது. ஒவ்வொரு காரும் தனியாகத்தானே ஓடுகிறது, நேரத்தை வைத்துத்தானே வெற்றி? யார் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன?

எல்லோருக்கும் ஒரே சாலை என்பது அமைப்பாளர்கள் சொல்லும் சமாதானம். தார்ச் சாலையிலேயே அது பாதிதான் உண்மை. முன்னே போனவர்கள் வளைவை ஒட்டி வெட்டும்போது ஓரத்து மண் சாலைக்கு வந்துவிடும், பின்னால் வருகிறவருக்கு வழுக்கும். சரளையில் கதை தலைகீழ். காய்ந்த பாதையில் உதிரிக் கற்கள் மேலாகப் பரவிக் கிடக்கும். முதல் கார் வாசல் பெருக்குவதுபோல் அவற்றை ஒதுக்கித் தள்ள, அடியில் இருக்கும் கெட்டி மண் தெரிகிறது. அடுத்தடுத்த டயர்களுக்கு நல்ல பிடிப்பு. வழி துடைத்தவருக்கு மட்டும் நேர இழப்பு.

மழை பெய்தால் எல்லாம் மாறும். மலேசியாவின் ஜொகூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேற்றில் முன்னே போவதே லாபம். பின்னால் வருகிறவருக்கு ஆழமான தடங்கள்தான் மிச்சம். காய்ந்த நாளிலும், காற்று அசையாத காட்டுப் பாதையில் முன் காரின் தூசி அடுத்தவர் கண்ணை மறைக்கும். இந்திய ஓட்டுநர் கௌரவ் கில் மூன்று முறை (2013, 2016, 2017) வென்ற ஆசிய பசிபிக் ராலித் தொடர் அப்போது இப்படி நாட்டுக்கு நாடு குணம் மாறும் பாதைகளில் ஓடியது. நியூசிலாந்தின் வாங்காரெயில் நடு உயர்ந்து ஓரம் சரியும் சரளைச் சாலை, நம் சிக்மகளூரில் காப்பித் தோட்டத்துக் குறுகல் வழி.

என்னை உறுத்துவது இந்த வரிசையை வைத்து நடக்கும் கணக்கு. பல ராலிகளில் முதல் நாள் முடிவில் முன்னிலையில் இருப்பவர்தான் மறுநாள் முதலில் கிளம்ப வேண்டும். குறித்த நிமிடத்தில் வந்து சேர வேண்டிய டைம் கன்ட்ரோலுக்கு ஒரு நிமிடம் முந்தி வந்தால் ஒரு நிமிடம் அபராதம். பிந்தினாலோ 10 விநாடிதான். 6 விநாடி முன்னிலையில் இருப்பவர் வேண்டுமென்றே ஒரு நிமிடம் பிந்தினால் 4 விநாடி பின்தங்குவார். மறுநாள் சாலையைத் துடைக்கும் வேலை எதிராளிக்கு. கிலோமீட்டருக்கு அரை விநாடி மிச்சமானாலும், நேரம் கணக்கிடப்படும் 20 கிலோமீட்டர் ஸ்டேஜ் ஒன்றிலேயே கொடுத்த 10 விநாடி திரும்பிவிடும். தண்டனை என்று எழுதி வைத்ததை முதலீடாக்கிவிட்டார்கள்.

உலக அளவிலும் இது நடந்தது. 2011 அக்ரோபோலிஸ் ராலியில் செபாஸ்டியன் ஓஜியே இரண்டாம் நாள் கடைசியில் வேகத்தைக் குறைத்தார். மறுநாள் சாலையைத் திறக்கும் பொறுப்பு அவருடைய அணித்தோழர் லோபுக்குப் போனது, ஓஜியே வென்றார். அடுத்த ஆண்டே உலகப் போட்டியில், சரளை ராலிகளுக்குத் தகுதிச் சுற்று வைத்து, வேகமானவரே தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அதையும் 2014இல் கைவிட்டார்கள். முன்னிலையில் இருப்பவரை முதலில் அனுப்பும் விதி சமநிலைக்காகத்தான் என்ற பேச்சை நான் நம்பவில்லை. அவரை இழுத்துப் பிடித்தால் கடைசி நாள்வரை பரபரப்பு இருக்கும் என்பதும் அதில் ஒரு கணக்கு. வேகமாக ஓட்டியவர் மெதுவாக ஓட்ட யோசிக்க வேண்டிய விளையாட்டு எங்கோ தவறிவிட்டது.

மற்ற கேள்விகள்:

கார் பழுதானால்? சர்வீஸ் பார்க்குக்கு வெளியே ஓட்டுநரும் கோ-டிரைவரும் காரில் இருப்பதை வைத்துச் சரிசெய்ய வேண்டியதுதான்.

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் போகும் வழியில் வேகமாகப் போகலாமா? கூடாது, அங்கே எல்லோருக்கும் உள்ள போக்குவரத்துச் சட்டம்தான்.

பாதையை முன்கூட்டிப் பார்க்க முடியுமா? முடியும், குறைந்த வேகத்தில், சில முறை மட்டும். அப்போது எழுதும் பேஸ் நோட்டைத்தான் கோ-டிரைவர் படிக்கிறார்.

எங்கே நின்று பார்ப்பது? வளைவின் வெளிப்பக்கம் மட்டும் வேண்டாம். வழுக்கும் கார் அங்கேதான் வரும்.