எட்டங்குலத் திரையில் ஒரு கோணல்

மும்பையில் காலை நேரத்து ஸ்லோ லோக்கலில் முலுண்டில் ஏறி சிஎஸ்எம்டி வரை போகிறவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. உட்கார இடம் கிடைப்பது பூர்வ புண்ணியம். கல்யாண், டோம்பிவிலி, தானே என்று வரும்போதே வண்டி பிதுங்கிவிடும். ஒரு கை மேலே தொங்கும் பிடியில். மிச்சமுள்ள ஒற்றைக் கையால் எதைத் தாங்க முடியுமோ அதுதான் வழித்துணை. ஒரு காலத்தில் நாலாக மடித்த செய்தித்தாள், பிறகு செல்போன். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குச் செல்போன் எழுத்து எட்டவில்லை. பத்தங்குல டேப்லட்டோ ஒரு கையில் அடங்குவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் எட்டங்குல டேப்லட்.

அந்த வகையில் பேர் வாங்கியது ஆப்பிளின் ஐபேட் மினி. 2012-இல் 7.9 அங்குலத் திரையோடு வந்தது. அதன் ஆறாவது தலைமுறை 2021 செப்டம்பரில் வெளியானது: திரை 8.3 அங்குலம், எடை 293 கிராம், இந்தியாவில் ஆரம்ப விலை 46,900 ரூபாய். வெளியான சூட்டோடு சூடாக ஒரு புகாரும் கிளம்பியது. அமெரிக்காவின் ‘தி வெர்ஜ்’ தளத்துக்காக அதை மதிப்பிட்ட டீட்டர் போன், டேப்லட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளும்போது திரையின் ஒரு பாதி முந்துவதையும் மறுபாதி பிந்துவதையும் கவனித்தார். ஸ்லோமோஷனில் படம் பிடித்தும் காட்டினார். நேராக இருக்க வேண்டிய வரி, தள்ளுகிற அந்த நொடியில் மட்டும் சாய்கிறது. விரலை எடுத்தால் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது. ‘ஜெல்லி ஸ்க்ரோலிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆப்பிளின் பதில் சுருக்கமாக வந்தது. எல்சிடி திரை வரி வரியாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது, முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே நூலளவு தாமதம் இருக்கும், இது இயல்பு என்றது கம்பெனி.

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. வரி வரியாகப் புதுப்பிப்பது எல்லா எல்சிடிக்கும் பொதுதான் என்றால், மற்ற ஐபேடுகளைச் செங்குத்தாகப் பிடித்தால் ஏன் இப்படிச் சாயவில்லை? கருவிகளைப் பிரித்து மேய்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஐஃபிக்ஸிட் குழு மினியைத் திறந்து பார்த்தது. திரையை இயக்கும் சின்னச் சர்க்யூட் பலகை, ஐபேட் ஏரில் மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறது. மினியில் அது பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். பலகை எந்த விளிம்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே திரை புதுப்பிக்கப்படும் திசை அமைகிறது. ஏரில் மேலிருந்து கீழ். மினியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்.

இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், நம் லோக்கலே போதும். நாஹூர் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் செல்போனைப் படுக்கைவாக்கில் பிடித்து ஜன்னல் வழியே ஒரு வீடியோ எடுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும். கம்பத்தின் மேற்பகுதியை கேமரா பதிவு செய்த பிறகுதான் கீழ்ப்பகுதிக்கு வருகிறது. அந்த இடைவெளிக்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. அதே போனைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தால் கம்பம் நேராக நிற்கும். கொஞ்சம் தடித்தோ மெலிந்தோ தெரியும், அவ்வளவே. பதிவாகும் திசைக்குக் குறுக்கே பொருள் ஓடினால் சாய்வு. அதே திசையில் ஓடினால் நீட்சியோ சுருக்கமோதான். கேமராவுக்கு உள்ள இந்த விதிதான் திரைக்கும். மினியைச் செங்குத்தாகப் பிடித்துப் பக்கத்தை மேலே தள்ளும்போது ஓட்டம் குறுக்கே போகிறது, அதனால் கோணுகிறது. படுக்கைவாக்கில் திருப்பிக்கொண்டால் இரண்டும் ஒரே திசைக்கு வந்துவிடும், கோணல் போய்விடும்.

எவ்வளவு கோணும் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லிசெகண்ட். விரலால் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளுகிறோம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகத் திரை அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் விழும் இடைவெளி சுமார் 1.7 மில்லிமீட்டர். பதினொன்றரை சென்டிமீட்டர் அகலத் திரையில் அது ஒரு டிகிரிகூட இல்லாத சாய்வு. அதே சமயம், படிக்கிற அளவில் வைத்த தமிழ் எழுத்தில் அது கிட்டத்தட்ட அரை வரி உயரம். வேகத்தைக் கூட்டினால் சாய்வு கூடும். ஆனால் அந்த வேகத்தில் எழுத்தே கண்ணில் நிற்காது. மெல்லத் தள்ளினால் அரை மில்லிமீட்டர்தான் வரும், கவனிக்க மாட்டோம். மிதமான வேகத்தில், கண்ணும் எழுத்தோடு சேர்ந்து ஓடும்போதுதான் சிக்கல். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை என்றால் இது பாதியாகிவிடும். ஐபேட் ப்ரோவுக்கு 2017-லிருந்தே அந்த வசதி உண்டு, மினிக்கு வரவில்லை.

சரி, கோணல் இருப்பது உண்மை. அது யாரை உறுத்துகிறது?

முலுண்ட் மேற்கில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாத்தாவும் பேத்தியும் ஒரே டேப்லட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எட்டங்குலம், செங்குத்தாகப் பிடித்தால் கோணுகிற ரகம். தாத்தாவுக்குத் தமிழ் வார இதழ்கள், மாதுங்கா கோயில் உற்சவ அழைப்பிதழ், பாலக்காட்டுச் சொந்தங்களின் குடும்பக் குழுவில் வரும் நீள நீளமான செய்திகள். பேத்திக்குக் கல்லூரிப் பாடமும் மற்றதெல்லாமும். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

“தாத்தா, எழுத்தெல்லாம் கோணலா ஓடறது பாருங்கோ.”

“எங்கே? நேராத்தானே இருக்கு.”

“நிறுத்தினா நேராத்தான் இருக்கும். மேலே தள்ளிண்டே பாருங்கோ.”

“தள்ளிண்டே எவன் படிப்பான்? நிறுத்திட்டுன்னா படிக்கணும்!”

பெரியவர் வாதத்துக்காகச் சொல்லவில்லை. அவர் படிக்கிற முறையே அதுதான். ஒரு திரை அளவு படிப்பார், தள்ளுவார், நிறுத்துவார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பகுதி. நகரும்போது அவர் கண் எழுத்தில் இல்லை. வார இதழில் பக்கம் புரட்டுவதும் பக்கவாட்டில்தான். அந்தத் திசையில் கோணலுக்கே வேலையில்லை. பேத்தி படிப்பது வேறு மாதிரி. அவளுக்கு நிறுத்தம் என்பதே கிடையாது. ஓடுகிற வரிசையிலிருந்து வேண்டியதைக் கண் கொத்திக்கொண்டே போகும். தாத்தாவுக்குத் திரை என்பது தாள். பேத்திக்கு ஓடும் வரிசை. ஒருவருக்கு இல்லாத குறை இன்னொருவருக்கு நாள் முழுக்க இருக்கிறது.

கண்ணுக்குக் கண் வித்தியாசமும் உண்டு. டிஎல்பி ரக புரொஜெக்டரில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிலருக்கு ஓரங்களில் வானவில் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. இருவரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2022-இல் மினி திரைக்கு எதிராக ஒரு வழக்கு போடப்பட்டபோது, மனுவில் குமட்டல், ஒற்றைத் தலைவலி வரைக்கும் எழுதியிருந்தார்கள். படிக்கிற பலருக்குச் சிரிப்பு வரும். ஓடும் பஸ்ஸில் புத்தகம் திறந்தாலே வயிற்றைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் நம்மூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2017 ஜூன் 22-ஆம் தேதி ஒன்ப்ளஸ் 5 போன் இந்தியாவுக்கு அறிமுகமானது மும்பையில்தான். ஆரம்ப விலை 32,999 ரூபாய். சில நாளிலேயே, பக்கத்தைத் தள்ளினால் எழுத்து நீண்டு சுருங்குவதாகப் புகார் வந்தது. துருவிப் பார்த்தவர்கள் திரையைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பதைக் கண்டார்கள். கம்பெனி என்ன சொன்னது? சிலருக்குத்தான் மெல்லிசாகத் தெரிகிறது, இது இயல்பு, போனுக்குப் போன் வித்தியாசம் இல்லை. நாலு வருஷம் கழித்து வேறொரு கம்பெனி சொன்னதும் கிட்டத்தட்ட இதே பாட்டுத்தான். ‘எல்லாவற்றிலும் இப்படித்தான்’ என்பது குறையை மறுக்கிற பேச்சே இல்லை. மாற்றிக் கேட்டு வராதீர்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவது.

உறுத்தலை எண்ணிக்கையால் அளந்து காட்டும் வழக்கமும் பழசுதான். 2010-இல் ஐபோன் 4-ஐ ஒரு மாதிரி பிடித்தால் சிக்னல் குறைகிறது என்று பெரிய ரகளை நடந்தது. ஜூலை 16 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டிய ஸ்டீவ் ஜாப்ஸ் இரண்டு எண்களை எடுத்துப் போட்டார். வாங்கியவர்களில் ஆன்டெனா பற்றிப் புகார் சொல்லி அழைத்தவர்கள் 0.55 சதவீதம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கடைகளில் போனைத் திருப்பிக் கொடுத்தவர்கள் 1.7 சதவீதம், முந்தைய மாடலில் அது 6 சதவீதமாக இருந்தது. அப்படியானால் இவ்வளவு கூச்சல் எதற்கு என்பது கேட்காமல் கேட்ட கேள்வி. கேள்வி நியாயமானதுதான். அதே மூச்சில் எல்லோருக்கும் இலவசமாக உறை தருவதாகவும் அவர் அறிவித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகார் சொன்னது நூற்றில் ஒருவர்கூட இல்லை. பரிகாரம் மட்டும் அத்தனை பேருக்கும்.

அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அங்கே வாங்கி இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுப்பது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் சகஜம். நம் பக்கத்துக் கடைகளில் பெட்டியின் சீல் பிரிந்துவிட்டால் பேச்சே வேறு. “சர்வீஸ் சென்டர் போங்க” என்பார் விற்றவர். சர்வீஸ் சென்டரில் இருப்பவர், திரை எரிகிறது, தொட்டால் வேலை செய்கிறது, குறை இல்லை என்று எழுதிக் கையில் கொடுப்பார். திருப்பவே வழியில்லாத இடத்தில், திருப்பியவர்கள் குறைவு என்பதை வைத்து எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

சட்டம் என்னவோ கையில் இருக்கிறது. 1966-லேயே ஒன்பது பெண்கள் சேர்ந்து நுகர்வோர் சங்கம் தொடங்கிய ஊர் இது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. தரத்தில் குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமும் விரிவானதுதான். ஆனால் சட்டமோ ஒப்பந்தமோ கேட்கிற தரம், அல்லது விற்றவர் சொல்லிக்கொண்ட தரம், இவற்றோடுதான் பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும். தள்ளும்போது வரி நேராக நிற்கும் என்று எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருப்பதில்லை. 1.7 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டு ஆணையத்தின் படி ஏறுகிறவருக்கு வக்கீலைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும்.

இந்தக் குறை பெரும்பாலானவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஓடும் லோக்கலில் சுத்தமாகவே இல்லை. உடம்பும் கையும் டேப்லட்டும் சேர்ந்தே குலுங்கும்போது ஒரு டிகிரிக்குக் குறைந்த சாய்வைப் பிரித்துப் பார்க்க எந்தக் கண்ணுக்கு அவகாசம்? விக்ரோளியிலோ காட்கோபரிலோ ஒரு கும்பல் ஏறினால் திரையே தெரியாது. வீட்டு சோபாவில், விளக்கைக் குறைத்துக்கொண்டு, கறுப்பு எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கத்தைத் தள்ளும்போதுதான் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு தேடித் தேடிப் பார்க்கத் தோன்றும் என்பதும் உண்மை. ஆனாலும் கம்பெனியை இதற்காகச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. மினியை வாங்குவதே ஒற்றைக் கையில் செங்குத்தாகப் பிடிக்கத்தான். எந்தப் பிடிக்காக விற்கிறார்களோ சரியாக அந்தப் பிடியில்தான் கோணுகிறது. பலகை எந்த விளிம்பில் உட்கார வேண்டும் என்பது வடிவமைப்பு மேஜையில் யாரோ ஒருவர் எடுத்த முடிவு; எல்சிடியின் தலைவிதி என்று அதன் மேல் பழி போடுவது சரியில்லை.

அடுத்த மினி 2024 அக்டோபரில் வந்தது. 128 ஜிபி, 49,900 ரூபாய். கோணல் குறைந்துவிட்டது என்றார்கள் சிலர். அப்படியேதான் இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். ஐஃபிக்ஸிட் திறந்து பார்த்தபோது பலகை பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளிலும் மாடலுக்கு மாடல் இது மாறும். அதனால் பிராண்டை மட்டும் நம்பிப் பயனில்லை.

பில் போடுவதற்கு முன் காட்சிக்கு வைத்திருப்பதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் பிகேசியில் திறந்த ஆப்பிள் கடையானாலும் சரி, லாமிங்டன் ரோடு சந்துக் கடையானாலும் சரி, தொட்டுப் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. செங்குத்தாகப் பிடித்து, கட்டம் கட்டமாக இருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். சென்ட்ரல் லைன் டைம்டேபிள் இதற்குப் பொருத்தம். விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் மிதமான வேகத்தில் மேலும் கீழும் தள்ளி, படுக்கைக் கோடுகள் படிக்கட்டு ஏறுகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் அதை அதிகம் பயன்படுத்தப்போவது மகளோ மகனோ என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் படுக்கைவாக்கில் நிறுத்திவைத்து சினிமா டிரெய்லர் ஓட்டிக் காட்டுவார். அதில் எதுவும் தெரியாது.