ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஏன் தானாக அணைகிறது?

மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று வேலையின் நடுவே சட்டென்று அணைந்துபோனால், அதற்கான காரணம் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: உள்ளே தேங்கிய வெப்பம், சுவரிலிருந்து வரும் மின்சாரம், அந்த மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, ரேம், மதர்போர்டு முதலான உறுப்புகள். வைரஸ் புகுந்துவிட்டது என்று எண்ணி விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவதுதான் பலரும் முதலில் செய்யும் காரியம். அதனால் தீரும் கோளாறு மிகக் குறைவு.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி இருக்கும் வடகரப்பதி, ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மேற்சொன்ன காரணங்கள் தனித்தனியாக வருவதில்லை. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பூமி. கோடையில் கடும் வெயில், வருடத்தில் பல மாதங்கள் வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, அது கொண்டுவரும் புழுதி, போர் மோட்டார்கள் ஓடும்போது தாழ்ந்துபோகும் வோல்டேஜ் ஆகிய எல்லாம் சேர்ந்தே ஒரு கம்ப்யூட்டரைத் தாக்குகின்றன. அக்ஷயா இ-சேவை மையத்திலும் பால் சொசைட்டியிலும் பள்ளிக்கூட லேபிலும் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஏசி அறையில் வாழ்பவை அல்ல. ஆகவே இங்கே பழுது பார்ப்பதற்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், எப்போது அணைகிறது என்பதைக் கவனிப்பதே முதல் வேலை.

மேசையில் ஒரு தாளை வைத்து, அணைந்த நேரம், அப்போது நடந்த வேலை, மின்விசிறியின் வேகம் குறைந்ததா, மின்விளக்கு மங்கியதா என்று ஒரு வாரம் குறித்துவந்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிற்பகலில் மட்டும், அதுவும் அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். அணைந்த உடனே மீண்டும் போட்டால் முன்பைவிடச் சீக்கிரமாக அணைவதும் வெப்பத்தின் அடையாளமே. மோட்டார் போடும் நேரத்தோடு ஒத்துப்போனால் காரணம் வோல்டேஜ். பவர் பட்டனை அழுத்தியும் எழாமல், சுவர் சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போட்டால்தான் எழுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. எந்த ஒழுங்குமின்றி, நீலத் திரையும் சேர்ந்து வந்தால் ரேம், டிரைவர், ஹார்ட் டிஸ்க் பக்கம் திரும்ப வேண்டும்.

விண்டோஸ் தன் பதிவேட்டிலும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்தால், கெர்னல் பவர் என்ற பெயரோடு 41 என்ற எண் தென்படும். பெயரைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முறைப்படி மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதை அடுத்த முறை எழும்போது விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு அது; காரணத்தை அது சொல்வதில்லை. அதே பதிவில் 1074 என்ற எண் இருந்தால், யாரோ ஒருவரோ ஏதோ ஒரு மென்பொருளோ கட்டளையிட்டு அணைத்ததாகப் பொருள். அப்போது வன்பொருளைத் தொடவே வேண்டாம். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களில், சிஸ்டம் பதிவு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பாதி வரியோடு நின்றிருந்தால் மின்சாரமோ வெப்பமோ அறுத்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

வெப்பத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நிலப்பரப்பில் அதுவே முதல் எதிரி. பிராசஸர் சிப் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்கி வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பத்தை மேலே பொருத்திய அலுமினிய ஹீட்சிங்கும் ஃபேனும் காற்றுக்குக் கடத்துகின்றன. சிப் எவ்வளவு சூடாகும் என்பதை எளிய கணக்கில் சொல்லிவிடலாம்: சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையோடு, சிப் வாங்கும் வாட்டை ஹீட்சிங்கின் வெப்பத்தடையால் பெருக்கிக் கூட்டினால் போதும். 65 வாட் வாங்கும் சிப், ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரி தடை உள்ள சுத்தமான ஹீட்சிங்க் என்று எடுத்துக்கொண்டால், காற்றைவிட 39 டிகிரி கூடும். 25 டிகிரி அறையில் சிப் 64 டிகிரியில் நிற்கும். புழுதி அடைத்துத் தடை 0.9 ஆக உயர்ந்தால் கூடுவது 58.5 டிகிரி, அதே அறையில் 83.5. இதுவும் தாங்கக்கூடியதே. ஆனால் ஏப்ரல் மாதத்தில் அறை 40 டிகிரியைத் தொடும்போது கணக்கு 98.5 என்று வருகிறது. கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தால் 100ஐத் தாண்டிவிடும்.

பெரும்பாலான பிராசஸர்களுக்கு 95 முதல் 100 டிகிரிதான் எல்லை. எல்லையை நெருங்கும்போது சிப் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் மந்தமாகும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், சிப்புக்குள் இருக்கும் காவல் சுற்று மதர்போர்டுக்குக் குறிப்புக் கொடுத்து மின்சாரத்தை அந்தக் கணமே துண்டிக்கச் செய்யும். ஜனவரியில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் ஏப்ரலில் அணைவதற்கு இதுவே காரணம். எதுவும் புதிதாகக் கெடவில்லை. மாதக்கணக்கில் சேர்ந்த புழுதிமேல் கோடை வந்து ஏறியிருக்கிறது. 2016 ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்தில் வெயில் 42 டிகிரியை ஒட்டிப் போனதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

புழுதிக்கும் நிலவியலில் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்தும், கார்த்திகை முதல் மாசி வரை கிழக்கிலிருந்தும் காற்று இதன் வழியே பாய்கிறது. கிழக்குக் காற்று வறண்டது. கொங்குச் சமவெளியின் காய்ந்த மண்ணையும் சேர்த்தே கொண்டுவருவது. ஆகவே இங்கே வருடத்துக்கு ஒருமுறை துடைப்பது போதாது. கிழக்குக் காற்று ஓய்ந்த பின், கோடை தொடங்கும் முன், அதாவது மாசிக் கடைசியில் கூடுதலாக ஒருமுறை கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்வது கட்டாயம்.

சுத்தம் செய்வதிலும் முறை இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வெளித் திண்ணைக்கு எடுத்துச்சென்று, சிறிய புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும். ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே பஞ்சுபோல் படிந்திருக்கும் திரை மேலோட்டமாக ஊதினால் போகாது. ஃபேனைத் தனியே கழற்றிப் பார்க்க வேண்டும். சில வருடம் ஓடிய கம்ப்யூட்டரில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைக்க வேண்டும். இன்டெல் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் சிப்பின் ஒரு மூலை தொடாமல் நின்று, கம்ப்யூட்டர் ஓரிரு நிமிடத்தில் அணையும். சர்வீஸ் செய்த பிறகு நிலைமை மோசமாகிவிட்டது என்று வரும் புகார்களில் இந்த ஊசியை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிப்போகப் போக, கம்பியின் தடையால் வோல்டேஜ் இறங்கும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு 230 வோல்ட் என்பது இரவில் மட்டும் கிடைக்கும் சங்கதி. இதன்மேல் விவசாய மோட்டார்கள் வந்து சேர்கின்றன. தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்ட இந்தப் பூமியில் போர் மோட்டார் இல்லாத தோப்பு அரிது. அந்த மோட்டார்கள் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டை இழுக்கின்றன. விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிவது அப்போதுதான்.

எஸ்எம்பிஎஸ் இந்த மங்கலைத் தாங்கும்படி செய்யப்பட்டதே. 180 வோல்ட் வரை இறங்கினாலும் அது வேலை செய்யும். கரண்ட் அறவே அற்றுப்போனாலும், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், மோட்டார் நின்ற பிறகும் சற்று நேரம் குழாயில் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியைப்போல, ஏறத்தாழ 17 மில்லிசெகண்ட் நேரம் கம்ப்யூட்டரை ஓட்டும். சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்வது 4 முதல் 10 மில்லிசெகண்ட். ஆகவே இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் கரண்ட் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கெப்பாசிட்டர் வயதாகி அந்த 17 என்பது 8 ஆகவோ 6 ஆகவோ சுருங்கிவிட்டால், யூபிஎஸ் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் அணையும்.

குற்றம் யூபிஎஸ் மீதா எஸ்எம்பிஎஸ் மீதா என்று பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கம்ப்யூட்டரோடு ஒரு மேசை விளக்கையும் யூபிஎஸ்ஸில் செருகி, திறந்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். விளக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தால் யூபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது. விளக்கு எரிந்து கம்ப்யூட்டர் மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்தான். யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. கோடையில் மேசைக்கடியில் காற்றோட்டமின்றிக் கிடக்கும் யூபிஎஸ் இரண்டு வருடத்தில் ஓய்வதில் வியப்பில்லை.

அக்ஷயா மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னொரு தவறு சாதாரணமாக நடக்கிறது: லேசர் பிரின்டரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகிவிடுவது. 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் உண்மையில் தருவது பெரும்பாலும் 360 வாட். லேசர் பிரின்டரின் உருளை சூடேறும் சில நொடிகளில் அதைவிட அதிகமாக இழுக்கும். பிரின்ட் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால், பிரின்டரை நேராகச் சுவரில் செருகினாலே பழுது தீர்ந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் 230 வோல்ட் மாற்று மின்சாரத்தை முதலில் 325 வோல்ட் நேர் மின்சாரமாக்கி, பிறகு 12, 5, 3.3 வோல்ட்களாக இறக்குகிறது. இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவையின்படி இவை ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 12 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டர் 11.4க்குக் கீழே காட்டினால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அந்த 325 வோல்ட் சற்று நேரம் தங்கியிருக்கும். அதனால் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைக் கெப்பாசிட்டர்களைக் கண்ணால் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம். தலை தட்டையாக இருந்தால் நலம். உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ அதுவே காரணம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரம் தாழ்ந்த மின்பகுதிரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பரவி லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கெடுத்தன. ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் செலவுக்காக டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இன்றைய போர்டுகளில் திடநிலைக் கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டதால் இந்தப் பழுது குறைவு; பழைய கம்ப்யூட்டர்கள் ஓடும் ஊர்களில் இன்னும் பார்க்கலாம்.

ரேமைக் கழற்றி, தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்துவது, மெம்டெஸ்ட் போன்ற சோதனையை ஓர் இரவு ஓடவிடுவது, உள்ளே நுழைந்த எறும்பையும் பல்லியையும் அகற்றுவது, அமுங்கியே நிற்கும் பவர் பட்டனைத் தளர்த்துவது ஆகியவை பிறகு வருபவை. மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற இடுக்கி மலையூர்களில் வரிசை மாறும். அங்கே வெப்பம் கடைசி. ஈரமும் பச்சை பூத்த தொடுமுனைகளும் முதலில். இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது இடி மின்னல். சித்திரை வைகாசியிலும் துலாவர்ஷத்திலும் மாலை வேளைகளில் வரும் இடிக்கு ஸ்பைக் பஸ்டர் காவல் ஆகாது. ப்ளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கி வைப்பதே வழி. கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். கோடையில் வறண்டுபோன எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகும் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இத்தனை சோதனைகளுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. திடீரென்று அணையும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடுகிறது. உறுப்பினர்களின் பால் கணக்கோ மாணவர்களின் மதிப்பெண்ணோ உள்ள கம்ப்யூட்டர் என்றால், கேபினெட்டின் முதல் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துவிடுங்கள்.