ட்ரையம்ப் கார்களின் உயிர் எந்த மாதிரியில் இருக்கிறது? பெருங்களத்தூர் ஹெரால்டை முன்வைத்து ஒரு விளக்கம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உருவான ட்ரையம்ப் நிறுவனம் விளையாட்டுக் கார்களுக்குப் பெயர் பெற்றது. இந்த நிறுவனத்தின் இயல்பை முழுமையாகக் காட்டும் மாதிரி எது என்ற கேள்வி பழைய கார் ஆர்வலர்களிடையே வெகுகாலமாக உள்ளது. டி.ஆர்.2 என்பார் சிலர், ஸ்பிட்ஃபயர் என்பார் சிலர். ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட டி.ஆர்.6 என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இக்கேள்வியில் தனி அக்கறை இருக்க வேண்டும். காரணம், ட்ரையம்ப் கார்களின் இரண்டு முக்கியப் பகுதிகள், ஒரு சட்டகமும் ஓர் எஞ்சினும், சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் இருந்த தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வாழ்ந்தன. அங்கு நடந்ததைப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும் என்பது என் கருத்து.

ஸ்டாண்டர்டும் ட்ரையம்பும்

சீக்ஃப்ரீட் பெட்மன் என்ற ஜெர்மானியர் லண்டனில் மிதிவண்டி வணிகம் செய்தபோது 1886-இல் சூட்டிய பெயர்தான் ட்ரையம்ப். பின்னர் மோட்டார் சைக்கிள், அதன்பின் கார் என்று தொழில் விரிந்தது. 1936-இல் மோட்டார் சைக்கிள் பிரிவு தனியாக விற்கப்பட்டது. கார் பிரிவு நொடித்துப்போய், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அதே ஊரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

ஸ்டாண்டர்டு 1903-இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் "ஸ்டாண்டர்டு" என்றால் தர அளவுகோல் என்று பொருள். பிற்காலத்தில் அச்சொல்லுக்கு "சாதாரண ரகம்" என்ற பொருள் ஏறிவிட்டதால், பிரிட்டனில் 1963-உடன் கார்களுக்கு அப்பெயரை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலோ அது 1980-கள் வரை நீடித்தது. சொல்லின் பொருள் மாறி ஒரு பெயரே கைவிடப்பட்ட இந்தச் செய்தி, மொழிப் பாடம் நடத்துபவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. முதலில் வான்கார்டு என்ற பெரிய காரைப் பொருத்தி விற்றார்கள். பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள்தான் தொடரலாம் என்று 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையம் பரிந்துரைத்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இந்தியாவை விட்டு வெளியேறின. ஸ்டாண்டர்டு தங்கியது. இதே சென்னையில் எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் சேர்ந்து அசோக் லேலண்டு ஆனது. 1961-இல் பிரிட்டனில் லேலண்டு ஸ்டாண்டர்டு-ட்ரையம்பை வாங்கியது. அதனால் சென்னையின் வடகோடியிலும் தென்கோடியிலும் இருந்த இரு தொழிற்சாலைகளுக்கும் பிரிட்டனில் ஒரே தாய் நிறுவனம் என்றாகிவிட்டது.

ஓர் எஞ்சினின் பயணம்

வான்கார்டு காரின் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. சிலிண்டரின் உட்சுவர் தனி உறையாக வார்க்கப்பட்டு, எஞ்சின் தொகுதிக்குள் செருகப்பட்டிருக்கும். குளிர்விக்கும் நீர் அந்த உறையின் வெளிப்புறத்தை நேரடியாகத் தொட்டுச் செல்லும். பட்டறைக்காரர்கள் இதை வெட் லைனர் என்பார்கள். தேய்ந்தால் உறையை மட்டும் மாற்றலாம். அத்துடன் வேறு விட்டமுள்ள உறையைப் போட்டு எஞ்சினின் கொள்ளளவையும் மாற்றலாம்.

மாணவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 92 மி.மீ. இது மாறுவதில்லை. உருளையின் கன அளவு வாய்பாட்டில் விட்டம் 85 மி.மீ. என்று போட்டு நான்கால் பெருக்கினால் 2088 சி.சி. வரும். அது வான்கார்டு. 80 மி.மீ. என்று போட்டால் ஏறத்தாழ 1850 சி.சி. அது கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிராக்டர். 83 மி.மீ. என்று போட்டால் 1991 சி.சி. அதுதான் 1953-இல் வந்த ட்ரையம்ப் டி.ஆர்.2 விளையாட்டுக் கார். இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் சேர்வதற்காகவே இந்த அளவு.

அதாவது, வயலில் உழுத எஞ்சினும் பந்தயத்தில் ஓடிய எஞ்சினும் ஒரே குடும்பம். டி.ஆர்.2-ஐ உருவாக்கியபோது நிறுவனத்தில் பணம் தாராளமாக இல்லை. முதல் மாதிரி, போருக்கு முந்தைய ஒரு சிறிய காரின் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டது. அதை ஓட்டிப் பார்த்த கென் ரிச்சர்ட்சன், இது உயிருக்கு ஆபத்தான வண்டி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவரையே பணியில் சேர்த்துக்கொண்டு காரைத் திருத்தினார்கள். 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் அதே ரிச்சர்ட்சன் டி.ஆர்.2-ஐ மணிக்கு 124 மைல், அதாவது ஏறக்குறைய 200 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அது சிறப்பாகத் தயார் செய்யப்பட்ட வண்டி. கடையில் வாங்கும் வண்டியே 100 மைலைத் தாண்டியது. 1954-இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியிலும் டி.ஆர்.2 வென்றது.

ஹெரால்டும் அதன் பிள்ளையும்

ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் வந்த சிறிய குடும்பக் கார். இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவானி மிக்கெலோட்டி வடிவமைத்தார். அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் சட்டகமும் உடலும் ஒன்றாகச் சேர்ந்த ஒற்றைக்கூடு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல்கூடு செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டியாளரான பி.எம்.சி. வசம் போய்விட்டதால், முழு உடலையும் ஓரிடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போனது. அதனால் பழைய முறையில் தனிச் சட்டகம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வேறு வழியின்றி எடுத்த முடிவு இது.

அதில் எதிர்பாராத நன்மைகள் விளைந்தன. முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டுகளோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முன்சக்கரங்கள் மிக அதிகக் கோணம் திரும்பும். 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் விட்டத்துக்குள் வண்டி முழு வட்டமடித்துவிடும். திருச்சி பெரிய கடைவீதி போன்ற இடத்தில் காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இவற்றைவிடப் பெரிய நன்மை வேறு. தனிச் சட்டகம் என்பதால் அதைக் குட்டையாக்கி மேலே வேறு உடலைப் பொருத்த முடிந்தது. 91.5 அங்குலமாக இருந்த சக்கர இடைவெளியை 83 அங்குலமாகக் குறைத்து, மிக்கெலோட்டியையே ஈருக்கை உடல் ஒன்றை வரையச் சொன்னார்கள். பணமுடையால் அந்த மாதிரி தொழிற்சாலையின் ஒரு மூலையில் போர்வையின்கீழ் கிடந்தது. லேலண்டு கைக்கு நிறுவனம் வந்தபின் அதைக் கண்டெடுத்து அனுமதி கொடுத்தார்கள். அதுதான் 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஜெர்மனியில் நீரிலும் நிலத்திலும் ஓடிய ஆம்ஃபிகார் என்ற விநோத வண்டிக்கும் ஹெரால்டின் எஞ்சின்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரை அச்சில், நடுவிலுள்ள கியர் பெட்டியை மையமாகக் கொண்டு ஊசலாடும். குண்டு குழிகளில் இது சுகம். ஆனால் வளைவில் வேகமாகச் செல்லும்போது திடீரென்று பிரேக் போட்டால் வண்டியின் பின்பகுதி மேலெழும். அப்போது சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயரின் விளிம்பு மட்டுமே தரையைத் தொட, பிடிமானம் குறைந்து வண்டி சுழலக்கூடும். மிதிவண்டிச் சக்கரத்தைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினால் எட்டாம் வகுப்பு மாணவருக்கே இது விளங்கும். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயரின் பின் வில்லை மாற்றியமைத்து 1970-இல் இதைப் பெரிதும் சரிசெய்தார்கள்.

பெருங்களத்தூரில் நடந்தது

சென்னையில் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இந்த வண்டி வந்தது. எஞ்சின் 948 சி.சி. பிரிட்டனில் அதே ஆண்டில் 1147 சி.சி.க்கு மாறிவிட்டார்கள். உரிமக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் நிலவிய காலம் என்பதால் நம் ஹெரால்டு கடைசிவரை அந்தச் சிறிய எஞ்சினோடுதான் ஓடியது. அதே காரணங்களால் உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் பழக்கம் வளர்ந்தது. நம் சாலைகளுக்கு ஏற்ப வண்டியின் உயரத்தைக் கூட்டினார்கள். குடும்பத்தோடு செல்பவர்களுக்கு இரண்டு கதவு போதவில்லை என்று நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். பிரிட்டனில் விற்கப்பட்ட ஹெரால்டில் நான்கு கதவு கிடையாது. நான் அறிந்தவரை தமிழில் ஹெரால்டைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் பாராட்டத் தக்கது இதுதான்.

திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும் எங்கள் எடமலைப்பட்டி புதூர்க்காரர்களுக்கு, வண்டலூர் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலையோரம் தெரியும் அந்தத் தொழிற்சாலை, சென்னை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மூட்டையை இறக்கி வைக்கத் தொடங்குவார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அம்பாசடர், ஃபியட் ஆகியவற்றோடு ஹெரால்டும் ஓடியது. எடை குறைவு, தாழ்ந்த உருவம், பிரித்து மாட்ட எளிது என்பதால் கைவேலை தெரிந்தவர்களுக்கு அது பிடித்த வண்டி.

1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். ஊசலாடும் அரை அச்சு நம் சாலைகளில் தொல்லை கொடுத்ததால், பின்பக்கத்தில் ஒரே நேரான அச்சைப் பொருத்தினார்கள். பிரிட்டனில் வில்லை மாற்றித் தீர்த்ததை இங்கு அச்சையே மாற்றித் தீர்த்தார்கள். செலவு குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். ஆனால் கெஸல் அதிகம் விற்கவில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கார் தயாரிப்பு நின்றது.

இதன் பின்கதை விசித்திரமானது. 1985-இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. உடல், 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்.டி.1. அழகில் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் அதன் உயர் மாதிரியில் எட்டு சிலிண்டர் கொண்ட 3.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. இங்கு வைத்ததோ 1991 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் வெட் லைனர் எஞ்சின். ஆம், வான்கார்டில் தொடங்கி டி.ஆர்.2 வழியாக வந்த அதே குடும்பத்து எஞ்சின்! டி.ஆர்.2-இல் அது சுமார் 90 குதிரைத்திறன் தந்தது. அந்த வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஸ்டாண்டர்டு 2000-இல் அறிவிக்கப்பட்ட திறன் 83. இழுக்க வேண்டியதோ ஐந்து பேர் அமரும் பெரிய காரை. மாருதி 800 வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். விலையும் அதிகம். 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்று, தொழிற்சாலையும் பின்னர் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். இன்று அவ்விடத்தில் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

எந்த மாதிரி?

எஞ்சினில்தான் ஒரு விளையாட்டுக் காரின் உயிர் இருக்கிறது என்று வாதிடுபவர்களுக்கு ஸ்டாண்டர்டு 2000 போதுமான பதில். டி.ஆர். கார்களின் எஞ்சின் அதில் இருந்தும் டி.ஆர்.2-இன் துடிப்பு அதில் இல்லை. புகழ்பெற்ற வடிவம் போதும் என்பவர்களுக்கும் அதுவே பதில். எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதம் பொருந்தாவிட்டால் நல்ல பாகங்களும் பயன் தருவதில்லை.

டி.ஆர்.6 சிறந்த வண்டிதான். ஆயினும் அது ட்ரையம்ப் நன்றாகச் சம்பாதித்த காலத்துப் பிள்ளை. கையிலிருக்கும் எளிய பாகங்களை எடுத்து, எடையைக் குறைத்து, நடுத்தரச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய விலையில் ஓட்டுவதற்கு மகிழ்ச்சியான வண்டியைத் தருவதே ட்ரையம்பின் இயல்பு என்று கொண்டால், ஸ்பிட்ஃபயருக்கே என் வாக்கு. அடுத்த நிமிடமே ஒரு திருத்தமும் சொல்வேன். ஸ்பிட்ஃபயரைச் சாத்தியமாக்கியது ஹெரால்டின் சட்டகம். விளையாட்டுக் கார் அல்லாத ஹெரால்டை ஒதுக்கிவிட்டு விளையாட்டுக் கார் நிறுவனத்தின் இயல்பைப் பேச முடியாது. பெருங்களத்தூரில் நான்கு கதவு வைத்ததும் அச்சை மாற்றியதும் அதே இயல்பின் தொடர்ச்சிதான்.

கோயம்புத்தூரின் கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவருக்கும் ட்ரையம்புக்கும் தொடர்பில்லை, வழிமுறை மட்டும் ஒன்றே. பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது இத்தகைய வண்டியைத்தான்.

பிரிட்டனில் ட்ரையம்ப் பெயருடன் வந்த கடைசிக் கார் அக்ளைம். அதுவும் ஹோண்டாவின் வடிவமைப்பு. 1984-இல் அதன் உற்பத்தி முடிந்தது. கார்களுக்கான ட்ரையம்ப் பெயருரிமை இப்போது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்திடம் உள்ளது. இந்தியச் சாலைகளில் இன்று காணும் ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள்கள் 1936-இல் பிரிந்த மற்றொரு கிளையைச் சேர்ந்தவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.