ஏழு கல்லு ஆடிய ரோபோக்கள்!

மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஏழு கல்லு ஆட ஓட்டுச் சில்லும் செங்கல் துண்டும் போதும். அடுக்கி வைத்ததை ரப்பர் பந்தால் அடித்துக் கலைக்க வேண்டும். முதுகில் அடி விழுவதற்குள் திரும்ப அடுக்கி முடிக்க வேண்டும். இதே ஆட்டத்தை ரோபோக்கள் ஆடின என்றால் நம்புவீர்களா? ஆடின! 2022-ல் புது தில்லியில், ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர்கள் மோதும் ஏ.பி.யு. ரோபோகான் போட்டியில்! மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் ஏழு கல்லுக்கு லகோரி என்று பெயர். அதையே அந்த ஆண்டுப் போட்டிக்கும் வைத்தார்கள்.

ஏழு கல்லுக்குப் பதில் அங்கே ஐந்து வட்டுகள். ஓர் அணிக்கு இரண்டு ரோபோ. ஒன்று பந்தை எறிந்து அடுக்கைக் கலைக்கும், இன்னொன்று ஓடிப்போய் அடுக்கும். அடுக்குகிற ரோபோவின் தலையில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கும். எதிரணி அதைக் குறிபார்த்துத் தட்டிவிடப் பார்க்கும். நம் முதுகில் விழுந்த அடிதான் அங்கே தலைப்பந்தாக மாறியிருக்கிறது. இதை யோசித்தவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது எனக்கு!

அரங்கில் நாம் பார்ப்பது சில நிமிட ஆட்டம். அதற்குப் பின்னால் ஒரு வருடம் இருக்கிறது. வாருங்கள், அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்போம்.

விதிப்புத்தகம் வெளியாகும் நாளில் சீசன் தொடங்கும். மாணவர்கள் அதைக் கேள்வித்தாள் போல வரி வரியாகப் படிப்பார்கள். இரண்டு ரோபோவும் சேர்ந்து 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மின்னழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. காற்றழுத்தம் 6 பார்தான். இந்த வேலிக்குள்தான் எல்லா மூளையும் வேலை செய்ய வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் 1400 லிட்டர் கொள்ளும் பக்கெட்டுகளைச் சுழற்றி மண்ணை வெட்டும் இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெரிய இயந்திரம் எங்களுக்கு அதிசயமில்லை. 50 கிலோவுக்குள் ஓடி, எறிந்து, அடுக்குகிற இயந்திரத்தைப் பார்த்தால்தான் வாய் பிளக்கிறது.

அடுத்த வேலை, ஆடுகளத்தைப் பலகை வாங்கி அதே அளவில் கல்லூரியிலேயே அமைப்பது. பிறகு இரவும் பகலும் பட்டறைதான். அலுமினியக் குழாய் அறுபடும் சத்தம், சாலிடர் புகை, மேசை முழுக்கக் கேபிள் டை. காற்றை அடைத்து வைக்கக் குளிர்பான பாட்டிலையே தொட்டியாக்கும் அணிகள் உண்டு, தெரியுமா?

பந்து எறிவது எப்படி? எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே பந்தைத் தள்ளினால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும். கிரிக்கெட் பயிற்சியில் பந்து வீசும் இயந்திரத்துக்கும் அதே வித்தைதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் உருளையின் வேகம் குறையும், பந்து ஒரு சாண் முன்னாலேயே விழும். எறிந்து எறிந்து பந்து வழுவழுப்பானால் மறுபடி கணக்கு மாறும். நம் பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே வீச்சில் செய்வதை இயந்திரத்துக்குப் பழக்க மாதக்கணக்காகிறது. அடுக்குவது அதைவிடக் கஷ்டம். வட்டு சற்றே விலகி உட்கார்ந்தாலும் மேலே வருவது சரியும். ரோபோ பக்கவாட்டில் நகர்ந்து சரியான இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகவே விளிம்பைச் சுற்றிக் குட்டி உருளைகள் பதித்த ஆம்னி சக்கரங்களைப் பூட்டுகிறார்கள்.

போட்டி நாள் வந்தால் உண்மையான பரபரப்பு பார்வையாளர் கண்ணில் படாத பிட் பகுதியில்தான். முந்தைய ஆட்டத்தில் கழன்ற ஒயரை ஒருவர் தேடுவார், ஒருவர் பேட்டரி மாற்றுவார், ஒருவர் மறையை முடுக்குவார். பெயர் அழைத்ததும் களத்துக்குள் போகும் மாணவர்கள் மூன்று பேர்தான். ரோபோவைத் தயார் செய்ய ஒரே நிமிடம்! சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் இல்லாத ரோபோவுக்கு அனுமதியே கிடையாது. வருடம் முழுக்க ஓடியது அந்த ஒரு நிமிடத்தில் ஓடாமல் நின்றுவிடலாம். எனக்கு வயிறு கலங்குவது அந்த இடத்தில்தான்.

இந்தப் போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. 2008-ல் புனேயில் நடந்தபோது கரு, கோவிந்தா. நம் உறியடியின் உடன்பிறப்பு! 2014-ல் மறுபடி புனே. பெற்றோர் ரோபோ பிள்ளை ரோபோவை ஊஞ்சலில் ஆட்டி, சீசாவில் ஏற்றி இறக்க வேண்டும். எல்லாம் முடித்த அணிக்குக் கிடைத்த வெற்றிப் பெயர் ‘ஷாபாஷ்’. போட்டி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் ஆட்டமும் திருவிழாவும் களத்துக்கு வந்துவிடும். 2023-ல் கம்போடியா நடத்தியபோது அங்கோர்வாட் வந்தது. யானை ரோபோவும் முயல் ரோபோவும் வளையம் எறிந்தன!

இந்தியாவுக்காக யார் போவது என்பதைத் தேசிய அளவில் டிடி ரோபோகான் தீர்மானிக்கும். தூர்தர்ஷன் நடத்தும் அந்தப் போட்டியில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, பாலிடெக்னிக் மாணவர்களும் கலந்துகொள்ளலாம். மந்தாரக்குப்பத்துப் பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள்.