மண்கரைக்குள் ஒரு வீடு

அயர்லாந்தில் 40,000க்கு மேல் வளையக் கோட்டைகள் இருக்கின்றனவாமே, அத்தனை ராஜாக்களா அங்கே என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

ராஜாக்கள் சிலர்தான். மற்றதெல்லாம் குடியானவர் வீடு. கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில், கொஞ்சம் வசதியான குடும்பங்கள் வீட்டைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே உட்புறம் கரையாகப் போட்டுக்கொண்டன. பெரும்பாலும் 30 மீட்டர் குறுக்களவு. கல் கிடைத்த இடத்தில் கல்மதில். மாடுதான் அன்று சொத்து. மாடு திருட்டுக்கும் குறைவில்லை. படையெடுப்பை இந்தக் கரை தாங்காது. நாலு திருடரையும் ஓநாயையும் தடுக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது உள்ளே இருந்த வீடு. வட அயர்லாந்தில், ஆன்ட்ரிம் பகுதியின் டியர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தை 1980களில் தோண்டினார்கள். மண்ணில் நீர் ஊறி நின்றதால் மரம் மக்கவில்லை. ஹேசல் குச்சிகளை வளைத்துப் பின்னிய வட்டச் சுவர், பின்னல் குலையாமல் அப்படியே சாய்ந்து கிடந்தது. ஆட்டுப்பட்டிக்குப் படல் பின்னுகிறவர்களைச் சிறுவயதில் பார்த்தவன் நான், அதே கைவேலைதான். ஆனால் இங்கே படல் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக. நடுச்சந்தில் வைக்கோலும் பாசியும் திணித்துக் குளிரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கதவுநிலை ஓக் மரம். அதன் ஆண்டு வளையங்களை எண்ணியதில், மரம் வெட்டப்பட்டது கி.பி. 648 என்று தெரிந்தது.

வீடுகள் காலியான பிறகு வட்டத்தைப் போட்டது யார் என்பது ஊருக்கு மறந்துபோனது. தேவதைகள் குடியிருக்கும் இடம், அங்கே முள்மரத்தை வெட்டினால் மாடு சாகும் என்று பயந்து, உழவர்கள் ஏரை ஒதுக்கி ஓட்டினார்கள். பகுத்தறிவாளர் சிரிக்கட்டும். பல தலைமுறை சம்பளமில்லாத காவல் இது!

புல்டோசர் வந்ததும் அந்தப் பயம் போயிற்று. வயலைப் பெரிதாக்கும் ஆசையில் கரைகளை வழித்துத் தள்ளினார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. அயர்லாந்துக் குடியரசில் 1930லேயே தேசிய நினைவுச்சின்னச் சட்டம் வந்துவிட்டது. 1994 திருத்தம், பட்டியலில் உள்ள இடத்தில் கைவைக்க இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கச் சொன்னது. இயந்திரத்துக்கோ ஒரு காலைப்பொழுது போதும். கரையைக் காக்கப் பெரிய செலவும் இல்லை: புல் மூடியிருக்க வேண்டும், மாடு அளவாக மேயலாம், தீவனத் தொட்டியை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது, குளம்பு பட்டுக் கரை கரைந்துவிடும்.